கோமதிக்கு ஒரு தாமதமான பதில்

முலுண்ட், மும்பை
செவ்வாய்க்கிழமை, விடாத மழை

அன்புள்ள கோமு,

நீ பிப்ரவரியில் எழுதிய கடிதத்துக்கு ஜூலையில் பதில் எழுதுகிறேன். திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் பொறு, கீழே போகப் போகத் திட்டுவதற்கு இன்னும் நல்ல காரணம் கிடைக்கும். இன்று சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவே தண்டவாளத்தில் தண்ணீர். ரயில் இல்லை. பால்கனியில் காயாத துணி, கூடத்தில் காயாத துணி, நடுவே நான். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை. இவர் வழக்கம்போல். முறுக்கு டப்பா வந்து சேர்ந்தது, நான்கு நாள்கூடத் தாங்கவில்லை.

நீ கேட்டது ஒரே ஒரு உதவி. மீனா பெங்களூரில் வேலைக்குச் சேரப் போகிறாள். "நீதான் இருபத்தாறு வருஷமாகக் கம்பெனிகளில் குப்பை கொட்டுகிறாயே, அவளுக்கு உருப்படியாக நாலு வார்த்தை எழுதிக் கொடு" என்று கேட்டிருந்தாய். அன்று ராத்திரியே உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதினேன். பட்டாணி மிஸ் பார்த்திருந்தால் பத்துக்கு ஒன்பது போட்டிருப்பாள். பொறுமை, நிதானம், நேரம் தவறாமை, 'உன் வேலை உனக்காகப் பேசும்'. எல்லாம் இருந்தது. அனுப்புவதற்குள் வருஷக் கணக்கு முடிக்கும் பாடு வந்துவிட்டது. அப்புறம் ஏப்ரலில் ஒரு காரியம் நடந்தது. அதன் பிறகு அந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டேன்.

முதலில் மார்ச் 8, மகளிர் தினத்தைச் சொல்லிவிடுகிறேன், அதையும் விட மனசில்லை. வருஷா வருஷம் ரோஜாவும் கேக்கும் கொடுப்பார்கள். இந்த முறை கூடுதலாக ஒரு பயிற்சியாளரைக் கூட்டிவந்தார்கள். பெண்கள் எப்படித் தலைவர்களாவது என்று ஒரு ஆண் இரண்டு மணி நேரம் விளக்கினார். சிரிக்காதேடி, நல்ல மனிதர்தான். இந்திரா நூயியின் பால் கதையைச் சொன்னார். உனக்குத் தெரிந்ததுதான். பின்னால் 2006 முதல் 2018 வரை பெப்சிகோவை நடத்திய அந்த அம்மாள், தன்னைக் கம்பெனியின் பிரசிடென்ட் ஆக்கிய செய்தியைச் சொல்ல ராத்திரி வீட்டுக்கு ஓடி வருகிறார். வாசலிலேயே அவருடைய தாயார், போய்ப் பால் வாங்கி வா என்கிறார். வீட்டுக்காரர் முன்பே வந்துவிட்டாரே என்றால், அவர் களைத்திருக்கிறார் என்று பதில். பால் வருகிறது. கடைசியில் தாயார், உன் கிரீடத்தை கேரேஜிலேயே கழற்றி வைத்துவிட்டு உள்ளே வா என்கிறார். அரங்கமே உருகிவிட்டது. எனக்கு மட்டும், களைத்துப் போன அந்த மாப்பிள்ளை கேரேஜில் எதைக் கழற்றி வைத்தார் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. இந்தக் 'கேட்கவில்லை'யை ஞாபகம் வைத்துக்கொள்.

(மீனா போகிற ஊரில் கிரண் மஜும்தார் ஷா 1978-இல் பத்தாயிரம் ரூபாயோடு பயோகானைத் தொடங்கியதே ஒரு கேரேஜில்தான். பீர் காய்ச்சும் தொழிலை ஆஸ்திரேலியாவில் படித்துத் திரும்பியவருக்கு, பெண் என்பதால் இங்கே அந்த வேலையைக் கொடுக்க ஆளில்லை. கடன் கொடுக்கவும் வங்கிகள் தயங்கின. பயிற்சியாளர் இந்தக் கேரேஜைப் பற்றி ஏனோ வாயே திறக்கவில்லை.)

இனி ஏப்ரல். என் பிரிவில் ஒரு நாகர்கோவில் பெண், பெயர் வேண்டாம். ஐந்து வருஷமாக என்னிடம் வேலை பார்க்கிறாள். அவள் செய்த வேலையின் அருமை உனக்குத்தான் புரியும். குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-லேயே சட்டம் வந்தாயிற்று. வந்து என்ன? உன் பட்டறையின் பம்பு பாகங்களுக்கு நூறு நாள் கழித்துக் காசோலை வாங்கி, அதையும் 'புதன்கிழமைக்கு மேல் போடுங்கள்' என்று சொல்லக் கேட்டவள் நீ. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவைச் சேர்த்து, கெடுவுக்குள் கொடுக்காத தொகையைக் கொடுக்கிற வருஷத்தில்தான் செலவில் காட்டலாம் என்று ஆக்கினார்களே, அது 2024 ஏப்ரலில் அமலுக்கு வந்தபோதுதான் எங்களைப் போன்ற கம்பெனிகளுக்கு வயிற்றைக் கலக்கியது. எங்கள் சப்ளையர்களில் யார் குறு, யார் சிறு, யார் நடுத்தரம், யார் வெறும் வியாபாரி என்று ஒவ்வொருவரிடமும் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழை வாங்கிப் பிரித்து, ஒப்பந்தங்களைத் திருத்தி, எந்த பில் எந்தத் தேதியில் கெடு தாண்டும் என்று பட்டியல் போட்டவள் அவள். கம்பெனிக்கு எவ்வளவு வரி மிச்சம் என்று எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும். கோளாறே அங்கேதான்.

ஜனவரியில் என் அறைக்கு வந்தாள். பதவி உயர்வு பற்றி மேலே ஒரு வார்த்தை கேட்கட்டுமா என்றாள். நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, மிக ஞானமாக, "நீ எதற்குப் போய்க் கேட்கிறாய்? உன் வேலை பேசும்" என்றேன். அவளும் சரி என்று போய்விட்டாள்.

பதவி உயர்வுப் பட்டியலை முடிவு செய்யும் கூட்டம் ஏழாம் மாடிக் கண்ணாடி அறையில் நடந்தது. ஆறு ஆண்கள், நான். நடுவில் ஒரு தட்டு காக்ரா (அப்பளம் மாதிரி மொறுமொறுக்கும் குஜராத்தி ரொட்டி), அரை கிளாஸ் கட்டிங் சாய். திரையில் ஒன்பது பெயர், இடம் மூன்று. அவரவர் ஆளுக்காக அவரவர் பேசிய அழகைப் பார்க்க வேண்டுமே. சந்தையில் மாடு விற்பவர்கூட இவ்வளவு கூச்சமில்லாமல் பேச மாட்டார். ஒரு பையன் சரக்கு எண்ணும்போது பிவண்டி கோடவுனில் ஒரு ராத்திரி தங்கினானாம், அதைக் கார்கில் போர் மாதிரி சொன்னார்கள். பிறகு அவள் பெயர் வந்தது. விற்பனைப் பிரிவுத் தலைவர், நிஜமாகவே கனிவான குரலில், "நல்ல பெண். நவம்பரில்தானே கல்யாணம் ஆயிற்று? இப்போது பாரத்தை ஏற்றினால் சிரமப்படுவாள். அடுத்த வருஷம் பார்க்கலாமே" என்றார். வன்மம் துளிகூட இல்லை. அக்கறை, கோமு, அக்கறை! பிவண்டிப் பையனுக்கும் பிப்ரவரியில்தான் கல்யாணம் ஆனது, நாங்கள் எல்லோரும் ரிசப்ஷனுக்குப் போயிருந்தோம்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேசினால் மதராஸி மதராஸிக்குப் பரிந்து பேசுகிறாள் என்பார்களோ என்று நினைத்தேன். உன்னிடம் மறைத்து என்ன, இன்னொன்றும் நினைத்தேன். என் பெயர் வேறொரு பட்டியலில், இதற்கு மேலே உள்ள பட்டியலில், அந்த மாதம் சுற்றிக்கொண்டிருந்தது. "உங்கள் எல்லோருக்கும் சரி என்றால் எனக்கும் சரி" என்றேன். திரையில் அடுத்த பெயர் வந்துவிட்டது. நான் ஒரு துண்டு காக்ரா எடுத்துக் கடித்தேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அவளுக்கு ஐந்து வருஷமாக வண்டி வண்டியாகப் புத்தி சொன்னேன், செலவில்லாத சரக்கு. அந்த அறையில் எனக்குக் கொஞ்சம் செலவாகக்கூடிய ஒரே ஒரு வாக்கியம் தேவைப்பட்டபோது கையை மூடிக்கொண்டேன். நம் ஹாஸ்டலில் ஊறுகாய் பாட்டிலைப் பூட்டி வைத்தவளை என்ன பாடு படுத்தினோம்! நான் அவளைவிட மோசம்.

நீயும் தப்பிக்க முடியாது. போன வருஷம் தீபாவளிக்குப் பேசும்போது, "பிரசவ விடுப்புக்கு 26 வாரச் சம்பளம் கொடுத்து எனக்குக் கட்டுப்படியாகுமா, அடுத்த சூப்பர்வைசர் ஆணாகவே இருக்கட்டும்" என்றாயே. 2017-இல் 12 வாரத்தை 26 ஆக்கியபோது அந்தச் செலவை முழுக்க முதலாளி தலையில் வைத்தார்கள், அது உன்னைப் போன்ற சின்னப் பட்டறைக்கு வலிக்கும் என்பது வாஸ்தவம். ஆனால் 21,000 ரூபாய் சம்பளம் வரை இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீட்டில் இருப்பவர்களுக்கு அந்தப் பணத்தை இ.எஸ்.ஐ. கொடுக்கிறது, உன் பட்டறையில் பாதிப் பேர் அதில்தான் இருக்கிறார்கள். கணக்குப் பார்க்காமலேயே கதவைச் சாத்திவிட்டாய். 1998-இல் மெஷின் வாங்கக் கடன் கேட்டுப் போனபோது "சார் வரவில்லையா?" என்று கேட்ட மேனேஜரை நாம் எத்தனை வருஷம் திட்டினோம்? அவரும் அக்கறையாகத்தான் கேட்டிருப்பார்.

சட்டம் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்புகிறவள் நான் இல்லை. பங்குச் சந்தையில் பட்டியலான கம்பெனி என்றால் இயக்குநர் குழுவில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டம் சொன்னது. நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் அந்த நாற்காலிக்கு முதலாளியின் அண்ணி வந்தார். தங்கமான மனுஷி, கூட்டம் முழுக்க ஸ்வெட்டர் பின்னுவார். பெரிய கம்பெனிகளில் அந்தப் பெண் குடும்பத்தைச் சேராத, சுதந்திரமான இயக்குநராக இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி சொன்னது பிறகுதான். முதல் 500 கம்பெனிகளுக்கு 2019-லிருந்து, 1,000 கம்பெனிகளுக்கு 2020-லிருந்து. நாற்காலி வந்தாயிற்று. உட்கார்ந்தவள் வாயைத் திறக்க வேண்டுமே. நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.

வேடிக்கை என்ன தெரியுமா? இதே நான் தினமும் காலையில் லேடீஸ் பெட்டியில் ஏறியதும் கூச்சமே இல்லாமல், "எங்கே இறங்குகிறீர்கள்?" என்று வரிசையாகக் கேட்கிறேன். விக்ரோலியில் இறங்குகிறவளின் இடத்தை பாண்டுப்பிலேயே எனக்கு என்று சொல்லிவைத்துக்கொள்கிறேன். மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நான்காவது ஆளாக, கொஞ்சம் தள்ளுங்கள் என்று கேட்டு ஒட்டிக்கொள்கிறேன். எனக்கு இடம் இல்லையென்றால், கைக்குழந்தைக்காரிக்குக் கொடுங்கள் என்று சத்தம் போடுகிறேன். ஒருத்தியும் தப்பாக நினைப்பதில்லை. காட்கோபரில் இறங்கி மெட்ரோ மாறி அந்தேரி ஆபீஸ் லிஃப்டில் ஏறுவதற்குள் அந்தப் பொம்பளை எங்கே போய்விடுகிறாள் என்றுதான் தெரியவில்லை.

மே மாதம் எம்.டி.யிடம் போனேன். அவள் மிச்சம் பிடித்த தொகையை ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய், அன்று நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னேன். படித்தார். "இதை ஏன் அப்போது சொல்லவில்லை?" என்றார். பதில் இல்லை. பட்டியல் போய்விட்டது, அக்டோபரில் பார்க்கலாம் என்றார். (என் பெயர் இருந்த அந்த மேல் பட்டியலும் கலைந்துவிட்டது. வெளியிலிருந்து ஒருவரை எடுத்தார்கள். சாப்பிட்ட காக்ராதான் மிச்சம்.)

அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் மூன்று வாரம் ஆயிற்று. ஞாயிறுகளில் வாழை இலை, முருங்கைக்காய் வாங்க மாதுங்கா வருவாள், நானும் போவேன். ஸ்டேஷன் பெஞ்சில் வைத்துச் சொன்னேன். 2017-லிருந்து அந்த ஸ்டேஷனில் மேலாளர் முதல் டிக்கெட் பரிசோதகர் வரை எல்லோரும் பெண்கள். நாங்கள் பேசும்போதே ஒரு பரிசோதகர், டிக்கெட் இல்லாத ஒரு தடியனைக் குரலை உயர்த்தாமல் அபராதம் கட்ட வைத்துக்கொண்டிருந்தார். இவள் அதையே பார்த்தபடி கேட்டாள், "நீங்கள் அந்த அறையில் இருந்தீர்களா, மேடம்?" இருந்தேன் என்றேன். இரண்டு ரயில் போனது. அழுவாள், கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். "யார் யார் என்ன சொன்னார்கள் என்று மட்டும் வரி மாறாமல் சொல்லுங்கள்" என்றாள். சொன்னேன். கல்யாண விஷயம் வந்தபோது மட்டும் கூடையிலிருந்த முருங்கைக்காயை எடுத்து இரண்டாக ஒடித்தாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. போன வாரம் ராஜினாமாக் கடிதம் கொடுத்துவிட்டாள். புதிய இடத்தில் இங்கே மறுத்த பதவியே கிடைத்திருக்கிறது. சம்பளம் பேசும்போது அந்த ஒரு தாள் கணக்கைத்தான் மேஜையில் வைத்தாளாம்.

ஆகவே மீனாவுக்கு. பொறுமையாக இரு என்று நான் எங்கேயாவது வாய்தவறிச் சொல்லியிருந்தால் வாபஸ். மாதக் கடைசியில், என்ன செய்தாள், அதனால் எவ்வளவு ரூபாய் வந்தது அல்லது மிச்சமானது என்று அரைப் பக்கம் எழுதி மேலதிகாரிக்கு அனுப்பட்டும், பெருமை அடிக்கிறாள் என்றால் அடிக்கிறாள். கூட்டத்தில் குறிப்பெடுக்கவும் பிறந்தநாள் கேக்குக்குப் பணம் வசூலிக்கவும் முதல் மாதமே கை தூக்க வேண்டாம். தூக்கினால் அது ஓய்வு பெறும் வரை அவள் வேலை, நான் சாட்சி. வரவு செலவுக்குப் பொறுப்பேற்கிற வேலை கிடைத்தால், கொஞ்சம் பயமாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளட்டும். விழா நடத்தும் குழுவெல்லாம் அப்புறம். முக்கியமாக, அவள் இல்லாத அறையில் அவளுக்காக வாயைத் திறக்கப் போகிறவர் யார் என்று ஜனவரிக்குள் தெரிந்து வைத்துக்கொள்ளட்டும். புத்தி சொல்கிற அத்தைகள் ஏராளமாகக் கிடைப்பார்கள். அவர்களில் ஒருத்தியிடம் நேராக, "அந்தக் கூட்டத்தில் என்னைப் பற்றி என்ன சொல்வீர்கள்?" என்று கேட்கச் சொல். மழுப்பினால் வேறு ஆளைப் பார்க்கட்டும்.

என்னையும் அப்படிக் கேட்கச் சொல். ஞாயிறு காலை பதினொன்றுக்கு மேல் கூப்பிடட்டும், அதற்குள் மாதுங்காவிலிருந்து திரும்பிவிடுவேன்.

மழை கொஞ்சம் விட்டிருக்கிறது. கீழ் வீட்டு மராத்தி மாமி, ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது என்று கத்துகிறாள். உன் சூப்பர்வைசர் வேலைக்கு ஆள் எடுத்தாயிற்றா? எடுக்கவில்லையென்றால் உடனே எழுது. டப்பாவை அடுத்த வாரம் அனுப்புகிறேன், காலியாக இல்லை.

உன்
சரோஜா