உங்க கீ புரோகிராமிங் யூட்டிலிட்டி 5.4 பத்தியும் அதோட வெர்ஷன் ஹிஸ்டரி பத்தியும் புகார்

பெறுநர்: கஸ்டமர் சப்போர்ட் மேனேஜர் அவர்களுக்கு

வணக்கம் சார். நாங்க தண்டையார்பேட்டைல இருந்து எடை மேடைக்கு சாஃப்ட்வேர் பண்ணி குடுக்கிறவங்க. மணலி, மாதவரம், எண்ணூர் பக்கம் லாரி எடை போடுற இடங்கள்ல எங்க சாஃப்ட்வேர் ஓடுது, எல்லா இடத்துலயும் உங்க யூஎஸ்பி டாங்கிள் தான் பூட்டு, பிசில அந்த கீய மாட்டினா தான் சாஃப்ட்வேர் திறக்கும். பேரலல் போர்ட்ல மாட்டுற 25 பின் கீ இருந்த காலத்துல இருந்து உங்க கிட்ட வாங்கிட்டு இருக்கோம், வேற கம்பெனி கம்மி விலைக்கு தரேன்னு வந்தப்போ கூட மாறல. போன்ல பேசினா ஒவ்வொரு தடவையும் வேற வேற ஆள் எடுக்கறாங்க, முதல்ல இருந்து கதை சொல்ல வேண்டியிருக்கு, அதனால எல்லாத்தையும் ஒரே லெட்டர்ல எழுதிட்டேன், தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க.

விஷயம் இதுதான். உங்க புரோகிராமிங் யூட்டிலிட்டி 5.3ல இருந்து 5.4க்கு மாறினப்போ கீயோட மெமரில லைசென்ஸ் எழுதுற முறையையே மாத்திட்டீங்க, ஆனா ஒவ்வொரு வெர்ஷன்லயும் என்ன மாறிச்சுன்னு சொல்ற வெர்ஷன் ஹிஸ்டரில 5.4க்கு நேரா இருக்கறது ஒரே ஒரு வரி, சின்ன பக் ஃபிக்ஸ், பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட், அவ்ளோதான். அந்த வரிய நம்பி நாங்க ரினிவல் கீ எல்லாம் புதுசுல எழுதி சைட்டுக்கு அனுப்பினோம்.

நாங்க ஏன் 5.4க்கு வந்தோம்னு உங்க ஆளுங்க கேட்டாங்க. ஆபீஸ்ல புது லேப்டாப் வாங்கினோம், விண்டோஸ் 11, அதுல மெமரி இன்டெக்ரிட்டிங்கற செக்யூரிட்டி வசதி ஆன்லயே வருது, உங்க பழைய டிரைவர் அதுல லோடே ஆகல. அத ஆஃப் பண்ணிட்டு ஓட்டலாம்னு உங்க சப்போர்ட்ல ஒருத்தர் சொன்னார், கஸ்டமரோட லைசென்ஸ் டேட்டா மொத்தமும் இருக்கற மெஷின்ல செக்யூரிட்டிய ஆஃப் பண்ண எனக்கு மனசு வரல. அதனால டவுன்லோட் பேஜ்ல இருந்த 5.4 எடுத்தோம், அங்க வேற எதுவும் இல்லவும் இல்ல.

அப்புறம் தான் கஷ்டம் ஆரம்பிச்சுது. ஆபீஸ்ல டெஸ்ட் பண்ண கீ நல்லா ஓடிச்சு. மணலில ஒரு சைட்ல மாட்டினா லைசென்ஸ் முடிஞ்சு போச்சுன்னு மெசேஜ். எண்ணூர்ல ஒரு சைட்ல ஓடுது, ஆனா அவங்க காசே கட்டாத மாட்யூல் ஓப்பன் ஆகியிருக்கு, காசு கட்டின ரிப்போர்ட் மாட்யூல காணோம். இன்னொரு இடத்துல லைசென்ஸ் இன்னும் நூறு வருஷத்துக்கு மேல இருக்குன்னு காட்டுது. ஒரே யூட்டிலிட்டி, ஒரே நாள் எழுதின கீங்க, ஒண்ணுக்கு ஒண்ணு சம்பந்தமே இல்லாம நடந்துக்குது. கீ பழுதா, யூஎஸ்பி போர்ட் போச்சா, கடல் காத்துல கான்டாக்ட் துரு பிடிச்சிருக்கான்னு எங்க பசங்க ஒவ்வொண்ணா தேடினாங்க.

கடைசில கீய படிக்க நீங்க குடுக்கற ஏபிஐ வச்சே பழைய கீ ஒண்ணு, புது கீ ஒண்ணு, ரெண்டோட மெமரியையும் ரீட் பண்ணி பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தோம். முதல் ஆறு பைட் கஸ்டமர் நம்பர், 0ல இருந்து 5 வரைக்கும், ரெண்டுலயும் ஒண்ணு தான். அதுக்கப்புறம் 5.3ல எக்ஸ்பைரி தேதி 6, 7ன்னு ரெண்டு பைட், ஒரு தேதில இருந்து எத்தன நாள்னு கணக்கு, 8வது பைட்ல மாட்யூல் ஃபிளாக், அதாவது எந்த மாட்யூல் ஓப்பன் ஆகணும்ங்கற குறி. 5.4ல அதே தேதிய 1970ல இருந்து எத்தன செகண்டுன்னு நாலு பைட்ல எழுதறீங்க, 6ல இருந்து 9 வரைக்கும், ஃபிளாக் 10க்கு தள்ளிப் போயிடுச்சு. சைட்ல இருக்கற எங்க சாஃப்ட்வேர் கீய படிக்க நீங்க குடுத்த பழைய லைப்ரரியோட (ரெடிமேட் கோடு) கம்பைல் ஆனது, அது 8வது பைட்ல ஃபிளாக் இருக்குன்னு நம்பி படிக்குது, அங்க இப்போ இருக்கறது தேதியோட மூணாவது பைட். அந்த பைட் 65,536 செகண்டுக்கு ஒரு தடவ, அதாவது பதினெட்டு மணி நேர சொச்சத்துக்கு ஒரு தடவ மாறும். எக்ஸ்பைரி ஒரு நாள் தள்ளி இருந்தாலே வேற ஃபிளாக். அதான் ஒரு கீ ஓடுது, இன்னொண்ணு ஓடல. 5.4 வெர்ஷன் ஹிஸ்டரில "எக்ஸ்பைரி இப்போ 4 பைட், பழைய லைப்ரரியோட ஒத்துப் போகாது"ன்னு ஒரு வரி இருந்திருந்தா நாங்க ஒரு கீ கூட எழுதியிருக்க மாட்டோம்.

இதனால என்ன ஆகுதுன்னு உங்களுக்கு தெரியணும் சார். எடை மேடைல வண்டி முதல்ல காலியா வந்து எடை போட்டுட்டு போகும், லோடு ஏத்திட்டு திரும்ப வந்து ரெண்டாவது எடை போடும், ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் தான் சரக்கு. மணலி சைட்ல காலி எடை போட்டப்போ பழைய கீ இருந்துது, நடுவுல ரினிவல் கீ மாத்தினாங்க, லோடோட வண்டி வந்து மேடைல ஏறினா சாஃப்ட்வேர் திறக்கல. காலி எடை உள்ள பூட்டின டேட்டாபேஸ்ல இருக்கு. இன்டிகேட்டர்ல நம்பர் பளிச்சுன்னு தெரியுது, அது வேற மெஷின், அதுக்கு உங்க கீயும் வேணாம் எங்க சாஃப்ட்வேரும் வேணாம். ஆபரேட்டர் தம்பி அத பாத்து கைல சீட்டு எழுதிக் குடுத்தா கம்பெனி கேட்ல ஏத்துக்க மாட்டேங்கறாங்க, பிரின்ட் சீட்டு தான் வேணும்ங்கறாங்க. பின்னாடி டிரெய்லர் வண்டிங்க ரோடு வரைக்கும் நின்னுடுச்சு, போலீஸ் வந்து மேடைக்காரர திட்டறார், மேடைக்காரர் எனக்கு போன் போட்டு திட்டறார். அதவிட பெரிய கஷ்டம், எடையே தப்பா இருக்குமோன்னு பார்ட்டிங்களுக்கு சந்தேகம் வந்துடுச்சு. எடை மேடைக்கு லீகல் மெட்ராலஜி (அரசாங்க எடை அளவு துறை) முத்திரை வாங்கி தொழில் பண்றவங்க சார் அவங்க, அந்த மாதிரி ஒரு பேச்சு வெளிய போனா அவங்களுக்கு வண்டி வராது. எங்களால அவங்களுக்கு அப்படி ஒரு பேர் வரக் கூடாது.

ரெண்டாவது விஷயம் டிரைவர். எடை மேடைல இருக்கற பிசி பாதிக்கு மேல விண்டோஸ் 7, 64 பிட், நெட் கனெக்ஷனே கிடையாது, போட்ட நாள்ல இருந்து ஒரு அப்டேட் கூட ஏறியிருக்காது. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14ஓட விண்டோஸ் 7க்கு சப்போர்ட்ட நிறுத்திட்டாங்க, தெரியும், அந்த பிசிய மாத்த சொல்லி நாங்களும் சொல்லிட்டு தான் இருக்கோம், ஆனா ஓடுற மெஷின மாத்த யாரும் காசு எடுக்க மாட்டாங்க. உங்க 5.4 டிரைவர் எஸ்எச்ஏ-2ங்கற புது டிஜிட்டல் கையெழுத்து முறைல மட்டும் சைன் பண்ணது. அது விண்டோஸ் 7ல ஏறணும்னா 2019 மார்ச்ல வந்த கேபி4474419 மாதிரி எஸ்எச்ஏ-2 சப்போர்ட் குடுக்கற அப்டேட் இருக்கணும், இல்லன்னா டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் முக்கோணம் போட்டு கோடு 52ன்னு நிக்கும். இத நாங்களா கண்டுபிடிச்சு, அப்டேட் ஃபைல பென் டிரைவ்ல எடுத்துட்டு போய் ஏத்தினோம். உங்க சிஸ்டம் ரிக்வயர்மென்ட்ல என்ன போட்டிருக்கீங்க? விண்டோஸ் 7 அண்ட் அபவ். பேட்ச் நம்பர் அதுல எங்கயும் இல்ல.

உங்க பழைய வெர்ஷன் ஹிஸ்டரி இப்படி இருக்காது சார், அதான் எனக்கு ரொம்ப வருத்தம். சிடில வர்ற ரீட்மீ ஃபைல நான் இன்னும் வச்சிருக்கேன். விண்டோஸ் விஸ்டா 64 பிட் வந்தப்போ சைன் பண்ணாத டிரைவர் ஏறாது, பழைய டிரைவர எடுத்துட்டு தான் இத போடணும்னு எழுதியிருந்தீங்க. பேரலல் போர்ட் கீக்கு சப்போர்ட் எந்த வெர்ஷனோட முடியுதுன்னு முன்னாடி வெர்ஷன்லயே எச்சரிச்சிருந்தீங்க. எந்த மெமரி செல்ல யூட்டிலிட்டி எடுத்துக்குது, எது எங்களுக்கு விட்டிருக்குன்னு கூட ஒரு டேபிள் இருந்துது. அத எழுதினவர் யாருன்னு தெரியல, அவர் கீ வாங்கறவன் நிலைமைல இருந்து யோசிச்சு எழுதியிருக்கார். இப்போ நீங்க பண்றது மருந்த மாத்திட்டு பழைய அட்டையிலயே அடைச்சு விக்கற மாதிரி இருக்கு.

சப்போர்ட்ல கேட்டா, மெமரி லேஅவுட் (எந்த பைட்ல எது இருக்குங்கறது) எல்லாம் செக்யூரிட்டி விஷயம், வெளிய சொல்ல முடியாதுன்னு பதில் வந்துது. இத நான் ஒத்துக்க மாட்டேன். கீக்குள்ள இருக்கற ரகசிய சாவிய நான் கேக்கல. நீங்க யூஸ் பண்ற ஏஇஎஸ்ங்கற என்கிரிப்ஷன் முறையையே அமெரிக்க அரசாங்கம் 2001ல எல்லாரும் படிக்கற மாதிரி ஸ்டாண்டர்டா வெளியிட்டுச்சு, அதனால அது உடைஞ்சு போகல. சிஸ்டம் எப்படி வேலை செய்யுதுன்னு எதிரிக்கு தெரிஞ்சாலும் சாவி மட்டும் ரகசியமா இருந்தா போதும்னு ரகசிய எழுத்து நிபுணர் கெர்காஃப்ஸ் 1883லயே எழுதிட்டார். எக்ஸ்பைரி தேதி எத்தன பைட்டுன்னு சொன்னா உடையற பூட்டா இருந்தா அது எங்களுக்கு வேணாம் சார்.

இன்னொரு கேள்விக்கும் பதில் வேணும். அந்த நாலு பைட் சைன்டா (மைனஸ் நம்பரும் வரும்), அன்சைன்டா (மைனஸ் வராது)? சைன்டா இருந்தா 2038 ஜனவரி 19க்கு மேல தேதி போட முடியாது. ஆயுள் லைசென்ஸ் வாங்கின கஸ்டமருக்கு நாங்க 2050ன்னு போட்டு வச்சிருக்கோம், அவங்க கீய ரினிவ் பண்ணா என்ன ஆகும்? இதுக்கும் உங்க ஹிஸ்டரில ஒரு எழுத்து இல்ல.

நாங்க கேக்கறது இதுதான். 5.4க்கு வெர்ஷன் ஹிஸ்டரிய திருத்தி, லேஅவுட் மாறினது, டிரைவர் சைனிங் மாறினது, எந்த லைப்ரரியோட எது ஒத்துப் போகும், எல்லாத்தையும் எழுதுங்க. 5.3 இன்ஸ்டாலர திரும்ப டவுன்லோட் பேஜ்ல போடுங்க, கூடவே அதோட எஸ்எச்ஏ-256 ஹாஷும் (ஃபைல் மாறாம இருக்கான்னு சரி பாக்கற நம்பர்) போடுங்க, இல்லன்னா கண்ட கண்ட சைட்ல இருந்து எடுக்க வேண்டி வருது, பூட்டு போடுற சாஃப்ட்வேர அப்படி எடுக்கவே கூடாது. 5.4ல எழுதின கீய பழைய லேஅவுட்டுக்கு கொண்டு வர ஒரு டூல் குடுங்க, ஏன்னா ஒரு தடவ 5.4 தொட்ட கீய எங்க பழைய மெஷின்ல இருக்கற 5.3 எழுத மாட்டேங்குது, வெர்ஷன் பொருந்தலன்னு நின்னுடுது. டூல் குடுக்க முடியலன்னா அந்த கீ எல்லாத்தையும் உங்க செலவுல மாத்திக் குடுங்க. கீ சீரியல் நம்பர், ரெண்டு மெமரி டம்ப், டிவைஸ் மேனேஜர் ஸ்கிரீன்ஷாட், உங்க சப்போர்ட் பதில்கள் எல்லாம் இதோட வச்சிருக்கேன்.

15 நாளைக்குள்ள எழுத்துல பதில் வரணும். வரலன்னா 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிவு பண்ணிட்டு வட சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு போவோம். நாங்க வியாபாரத்துக்கு வாங்கினவங்க, நுகர்வோர் இல்லன்னு நீங்க சொல்ல வாய்ப்பிருக்கு, ஆனா சுயதொழில் பண்ணி பொழைக்க வாங்கின பொருளுக்கு 2019 சட்டத்துலயே விலக்கு இருக்கு, நாங்க வீட்டு ஆளுங்களே சேந்து நடத்தற தொழில் இது. கேஸ் போடறது எங்களுக்கு ஆசை இல்ல, கீ ஓடணும், அது தான் வேணும்.

அது வரைக்கும் 5.4 டவுன்லோட் பேஜ்ல பழைய லைப்ரரி வச்சிருக்கவங்க இத யூஸ் பண்ணாதீங்கன்னு ஒரு எச்சரிக்கை இன்னிக்கே போடுங்க. எங்கள மாதிரி இன்னும் எத்தன பேர் ரினிவல் கீ எழுதிட்டு இருக்காங்களோ.

இப்படிக்கு,
எடை மேடை சாஃப்ட்வேர் டெவலப்பர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81