தம்பிக்கு 18 முடிந்தது

பாப்பா,

போன வாரம் போனில், "கார்டியன் மனுவில் என் பேரையும் சேர்த்தீங்களாம்மா?" என்று கேட்டாய். அப்பா பக்கத்தில் இருந்ததால் பேச்சை மாற்றிவிட்டேன். சேர்க்கவில்லை. ஏன் என்று எழுதுகிறேன்.

தம்பிக்கு 18 முடிந்துவிட்டது. இனி அவனுக்காக நாங்கள் கையெழுத்துப் போட, அவனைப் போல ஆட்டிசம் உள்ளவர்களுக்கும் பொருந்தும் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் பாதுகாவலர் சான்று வாங்க வேண்டும். அதற்காகப் போயிருந்தோம். "இவனுக்குப் பேச்சு வருமா?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். "அவன்கிட்டயே கேளுங்க சார், கொஞ்சம் பொறுங்க, சொல்லுவான்" என்றேன். தம்பி மின்விசிறியையே பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் தன் பேர், அப்பா பேர், நம் தெரு, பின்கோடு வரைக்கும் சொன்னான். எனக்கு அங்கேயே கண் கலங்கிவிட்டது.

இப்படிப் பேச நான் பழகியது பள்ளிக்கூட வாசல்களில்தான். பத்தாவது பரீட்சையில் அவன் சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆளும், கூடுதலாக ஒரு மணி நேரமும் வாங்க எத்தனை நடை நடந்தேன்! 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்ட நகல் என் பையிலேயே கிடந்து மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோனது. அந்த வருஷங்களில் நீ என்ன படித்தாய், யாரோடு சிநேகம், எதுவும் எனக்குத் தெரியாது.

நீ ஏழாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் கரகம் ஆடினாய். மேளச் சத்தம் தாங்காமல் தம்பி காதைப் பொத்திக்கொண்டு தரையில் உருண்டான். அவனை வாரித் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன். நீ மேடையிலிருந்து பார்த்தாய். ராத்திரி சாப்பிடும்போது, "நல்லா ஆடினேன்னு டீச்சர் சொன்னாங்கம்மா" என்று மட்டும் சொன்னாய். அன்றைக்கே உன்னைக் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இப்போது கேட்கிறேன், மன்னித்துவிடு.

குக்கர் விசில் அவனுக்கு ஆகாதென்று 15 வருஷமாக நம் வீட்டில் சோறு வடித்துத்தான் சாப்பிடுகிறோம். பள்ளிக்கூடம் விட்டுப் பசியோடு வந்து, சோறு வடியும் வரை அடுப்படியில் உட்கார்ந்திருப்பாய். ஒருநாளும் முகம் சுளித்ததில்லை.

அதனால்தான் உன் பேரை எழுதக் கை வரவில்லை. எங்களுக்குப் பின்னால் என்ன என்பதை நாங்கள்தான் யோசிக்க வேண்டும். அவனைப் போன்ற பிள்ளைகளைப் பெற்ற நான்கு குடும்பமாகச் சேர்ந்து வீடு பார்க்கிறோம். உன் கல்யாணப் பேச்சில் அவனை மறைக்கவும் மாட்டோம், உன் தலையில் கட்டவும் மாட்டோம். நீ அவனுக்கு அக்காவாக இரு.

நீ வரும் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறான். ரயில் மாறினால் முன்கூட்டியே சொல்லு, அவனிடம் நாலு நாளாவது சொல்லிச் சொல்லிப் பழக்க வேண்டும்.

அம்மா