அந்த 26 நாளும் எங்களோடு நின்றவர்களுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும், உறவினர்களுக்கும், பெயர்கூடச் சொல்லாமல் உதவிவிட்டுப் போனவர்களுக்கும்,

கோவில் கொடை முடிந்த சனிக்கிழமை இரவு எங்கள் தெருவில் நடந்த கைகலப்பு உங்களுக்குத் தெரியும். ஒரு பையனின் கை எலும்பு முறிந்தது. என் மகன் கைதானான். அன்று என்ன நடந்தது என்று இங்கே எழுதப் போவதில்லை. வழக்கு நடக்கிறது, அதைச் சொல்லும் இடம் நீதிமன்றம். அவன் சிறையில் இருந்த 26 நாளும், அதற்குப் பிறகும் நீங்கள் செய்ததைத்தான் எழுத வந்தேன்.

முதலில் என் அக்காவுக்கு. செய்தி வந்ததும், "24 வயது ஆகிவிட்டது, அவன் பாடு அவனோடு, நான் தலைமுழுகிவிட்டேன்" என்று வீடு அதிரக் கத்தியவன் நான். முப்பது ஆண்டுகள் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து, ஒருவர் வாயாலும் ஒரு சொல் கேட்காமல் ஓய்வு பெற்றவனுக்கு அந்த அவமானம் பொறுக்கவில்லை. அக்கா என்னோடு வாதாடவில்லை. "தம்பி, அவன் உடுத்தியிருந்த துணியோடுதானே போனான்? மாற்றுத்துணிக்கு என்ன செய்வான்?" என்று மட்டும் கேட்டாள். பீரோவைத் திறந்து இரண்டு சட்டையும் இரண்டு கைலியும் எடுத்து, சிறு பிள்ளையின் துணியை மடிப்பதுபோல் மடித்துப் பையில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மாஜிஸ்திரேட்டின் வீட்டுக்கே அழைத்துப் போனார்கள். 15 நாள் ரிமாண்ட். பாளையங்கோட்டை சிறை. மறுநாள் கோர்ட் வாசலில் ஒருவர் வந்து, சாயங்காலத்துக்குள் ஜாமீன் வாங்கித் தருவதாகச் சொல்லி என்னிடம் 20,000 ரூபாய் வாங்கிக்கொண்டார். அவரை அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை.

மரத்தடியில் நின்றிருந்த என்னைப் பார்த்துவிட்டு, டைப் அடிக்கும் பெரியவர் ஒருவர் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்குக் கையோடு கூட்டிப் போனார். இலவச சட்ட உதவி பரம ஏழைகளுக்குத்தான் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, காவலில் இருக்கும் யாருக்கும் வருமானம் பார்க்காமல் வக்கீல் தருகிறார்கள். 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். இந்த ஒரு விஷயம் சனிக்கிழமை இரவே தெரிந்திருந்தால் அந்த 20,000 போயிருக்காது. அதனால்தான் எண்ணோடு எழுதுகிறேன். உங்கள் வீட்டில் யாருக்கும் இது தேவைப்பட வேண்டாம். ஆனாலும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே எங்களுக்குக் கிடைத்த வக்கீல் அம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கம்பால் அடித்து எலும்பு முறிந்தது என்று வழக்கு என்பதால் குற்றங்களுக்குத் தண்டனை சொல்லும் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 118(2) பிரிவு போட்டிருக்கிறார்கள், குற்றம் உறுதியானால் ஆயுள் வரைகூடத் தண்டனை உண்டு, கீழ்க் கோர்ட்டில் ஜாமீன் கிடைப்பது கடினம் என்று ஒளிக்காமல் சொன்னார். கேட்டபோது நெஞ்சு அடைத்தது. ஆனால் கோர்ட் வாசலில் கேட்ட பொய்க்குப் பிறகு அந்த உண்மை எனக்குப் பிடிமானமாக இருந்தது. அவர் சொன்னபடியே அங்கே மனு தள்ளுபடியானது, அதற்கு மேலே உள்ள செஷன்ஸ் கோர்ட்டில் ஜாமீன் கிடைத்தது. ஒரு ரூபாய் வாங்கவில்லை.

அடிபட்ட பையனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்க்க நான் துடித்தேன். அவனும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வளர்ந்தவன். வக்கீல் அம்மாதான் தடுத்தார். "ஐயா, நீங்கள் அன்பாகப் போனாலும் சாட்சியை மிரட்டப் போனதாக ஆகிவிடும்" என்றார். அதனால் போகவில்லை. அந்தக் கை பழையபடி ஆக வேண்டும் என்று நானும் என் மனைவியும் தினமும் வேண்டிக்கொள்கிறோம். இதை அவர்களிடம் நேரில் சொல்ல முடியாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய பாரம்.

சிறையில் மனுப் பார்க்க, அதாவது மகனைச் சந்திக்க, முதல் நாள் போனபோது வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்பாசமுத்திரத்து அம்மாவுக்கும் நன்றி. அடையாள அட்டையின் நகல் இல்லாமல் விழித்துக்கொண்டிருந்த என்னை ஜெராக்ஸ் கடைக்கு அனுப்பிவிட்டு, திரும்பி வரும்வரை என் இடத்தைப் பிடித்து வைத்திருந்தார். என்ன கேஸ் என்று கேட்கவில்லை. அந்த வரிசையில் யாருமே கேட்பதில்லை.

ஜாமீனுக்கு இரண்டு பேர் வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும் என்று உத்தரவு. அக்கா தன் பெயரில் இருந்த வீட்டுத் தீர்வை ரசீதைத் தேடி எடுத்துக்கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடம் சான்று வாங்க இரண்டு நாள் நடந்தாள். அவளுக்கு மூட்டு வலி. இன்னொருவர் எங்கள் டிப்போவில் என்னோடு ஓடிய டிரைவர். என் மகன் தலைமறைவானால் பணம் கட்ட வேண்டியவர் நீங்கள் என்று நான் எச்சரித்தபோது, "என் பஸ் ஜன்னலில் உட்கார்ந்து பள்ளிக்கூடம் போன பையன், எனக்குத் தெரியாதா?" என்று கையெழுத்துப் போட்டார்.

மகன் வேலை பார்க்கும் பட்டறை முதலாளிக்கும் நன்றி. ஜாமீன் நிபந்தனைப்படி தினமும் காலை பத்தரைக்கு ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டியிருந்த நாட்களில், பதினொன்றரைக்கு வந்து வேலை தொடங்கினால் போதும் என்று சொல்லி, அவனுடைய லேத்தில் வேறு ஆளை நிறுத்தாமல் இருந்தார்.

குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டது. அடுத்த வாய்தா 14ஆம் தேதி. எத்தனை மணி பஸ் என்று அக்கா இப்போதே கேட்டுவிட்டாள்.

நன்றியுடன்,
ஒரு தகப்பன்