‘எந்நேரமும் செருகியே வைக்கலாம்’ என்று விற்ற ஓபிடி அடாப்டர் பேட்டரியைக் குடித்தது பற்றிய புகார்

அனுப்புநர்:
வாடிக்கையாளர்,
தாம்வே, ரங்கூன், பர்மா.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
சென்னை.

பொருள்: அடாப்டர் பேட்டரியை இறக்கியது, வாரண்டி மறுப்பு, பணம் திருப்பிக் கேட்டல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன ஆடியில் சென்னை வந்திருந்தபோது ரிச்சி தெருவில் உங்கள் புளூடூத் ஓபிடி அடாப்டரை, அதாவது காரின் டாஷ்போர்டுக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகினால் என்ஜின் விவரங்களைப் போனுக்கு அனுப்பும் கருவியை, 1,150 ரூபாய் கொடுத்து வாங்கினேன். பெட்டியின் பின்பக்கம் தமிழிலேயே, ‘எந்நேரமும் செருகியே வைத்திருக்கலாம், பேட்டரி இறங்காது’ என்று அச்சிட்டிருந்தீர்கள். பக்கத்திலேயே இதைவிட மலிவாக நாலைந்து கிடந்தன. அந்த வரிக்காகத்தான் உங்களுடையதை எடுத்தேன்.

என்னிடம் இருப்பது ஜப்பானிலிருந்து பழையதாக வந்த டொயோட்டா ப்ரோபாக்ஸ் கார். இங்கே பாதிப் பேரிடம் அதுதான். மார்கழியில் பருப்பு வியாபாரமாக மாண்டலே போய்விட்டு 19 நாள் கழித்துத் திரும்பினேன். மறுநாள் விடியற்காலை அம்மாவைப் பீலிக்கான் கோயிலுக்குக் கூட்டிப்போவதாகப் பேச்சு. அம்மா குளித்து, பூ, பழம், தேங்காயோடு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. சாவியைத் திருப்பினால் ‘டக், டக்’ என்ற சத்தம், அவ்வளவுதான். டாஷ்போர்டுக்குக் கீழே உங்கள் அடாப்டரின் சிவப்பு விளக்கு மட்டும் சாவகாசமாக எரிந்துகொண்டிருந்தது.

ஆட்டோ கியர் வண்டி. டீக்கடைப் பையன்கள் தள்ள ஓடி வந்தார்கள். தள்ளினால் கிளம்பாது என்று சொல்லி அனுப்பினேன். பேட்டரியில் மீட்டரை வைத்தால் 11.3 வோல்ட். சார்ஜரில் போடலாமென்றால் எங்கள் ஊரில் கரண்ட் முறை வைத்துத்தான் வரும். முழுதாக ஏற இரண்டு நாள் பிடித்தது. அம்மா டாக்ஸியில் சிரியம் பாலம் தாண்டிப் போய்ச் சாமி கும்பிட்டு வந்தார். அந்த டாக்ஸியும் ப்ரோபாக்ஸ்தான்.

இதை உங்களுக்கு எழுதியதற்கு, ‘உங்கள் காரில் எங்காவது மின்கசிவு (லீக்கேஜ்) இருக்கும், எங்கள் பொருளில் குறையில்லை’ என்று இரண்டே வரியில் பதில் போட்டீர்கள். சரி, இருக்குமோ என்று நானும் பார்த்தேன். எங்கள் மெக்கானிக் சயா (இங்கே வாத்தியாரை, மேஸ்திரியை அப்படித்தான் கூப்பிடுவோம்) சொன்னபடி, கதவுப் பூட்டை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தி மூடின மாதிரி செய்து, சாவியை எடுத்துவிட்டு, வண்டி நன்றாக உறங்க அரை மணி நேரம் விட்டோம். அப்புறம் பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி நடுவே மல்டிமீட்டரைக் கோத்தோம். அடாப்டரோடு 66 மில்லி ஆம்பியர். அடாப்டரை உருவியதும் 20. மறுபடி செருகினால் மறுபடி 66. மூன்று தடவை செய்து பார்த்தோம். ஆக, உங்கள் பொருள் தனியாகக் குடிப்பது 46. காருடைய சொந்தச் செலவு 20. கடிகாரத்துக்கும் கம்ப்யூட்டர் நினைவுக்கும் அவ்வளவு போவது எந்த வண்டியிலும் உள்ளதுதான்.

66 மில்லி ஆம்பியர் என்றால் 19 நாளைக்கு ஏறக்குறைய 30 ஆம்பியர்-மணி. என் பேட்டரி புதிதாக இருந்தபோதே 45தான். இரண்டு வருஷம் உழைத்த பேட்டரி அந்த 45ஐ முழுசாகத் தராது. இந்தக் கணக்கில் லீக்கேஜ் எங்கே ஒளிந்திருக்கிறது என்று நீங்கள்தான் காட்ட வேண்டும். அடாப்டர் இல்லாமல் அதே 19 நாள் நின்றிருந்தால் 9 ஆம்பியர்-மணி போயிருக்கும். வண்டி ஒரே சாவியில் கிளம்பியிருக்கும்.

ஓபிடி சாக்கெட்டின் 16ஆவது பின்னில் சாவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் பேட்டரி மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். தரவிதியே அப்படி. இந்தப் பொருளைச் செய்து விற்கிறவருக்கு இது தெரியாமல் இருக்க முடியாது. வண்டி நின்றதும் அடாப்டர் தானாக உறங்க வேண்டும், இல்லையென்றால் அணைக்க ஒரு சுவிட்சாவது வேண்டும். உங்களுடையதில் இரண்டும் இல்லை. இன்னொன்று: பெட்டியில் ‘ஈஎல்எம் 327, பதிப்பு 1.5’ என்று பெருமையாகப் போட்டிருக்கிறீர்கள். ஈஎல்எம் 327 என்பது இந்த அடாப்டர்களுக்குள் இருக்கும் சில்லின் (சிப்) பெயர். அந்தச் சில்லைச் செய்த கனடாக் கம்பெனி 1.5 என்று ஒரு பதிப்பை வெளியிட்டதே இல்லை, 1.4க்குப் பிறகு 2.0தான். உள்ளே இருப்பது நகல் என்பதைப் பெட்டியே சொல்லிவிடுகிறது.

வேறு வழியில்லாமல் நானே திறந்தேன். மெல்லிய பிளேடால் மூடியை நெம்பினால் உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சின்ன போர்டுகள். 16ஆவது பின்னிலிருந்து கிளம்பும் செம்புத் தடத்தை ஓரிடத்தில் சுரண்டி அறுத்து, இரு முனையிலும் முடி போன்ற கம்பிகளைப் பற்றவைத்து, பழைய ரேடியோவிலிருந்து எடுத்த தள்ளுசுவிட்சில் சேர்த்தேன். சுவிட்சின் தலை வெளியே தெரிய மூடியில் ஒரு துளை. பூமிக் கம்பிகளையும் தகவல் போகும் பின்களையும் தொடவில்லை. சுவிட்சை அணைத்தால் மீட்டர் 20க்குப் போய் நிற்கிறது. போட்டால் போன் உடனே அடாப்டரைப் பிடித்துக்கொள்கிறது; என்ஜின் சூடு, ஆர்பிஎம் எல்லாம் ஒழுங்காக வருகிறது. அந்த விஷயத்தில் உங்கள் பொருளைக் குறை சொல்ல மாட்டேன்.

இதைப் படம் எடுத்து அனுப்பியதும், ‘பிரித்துவிட்டீர்கள், வாரண்டி கிடையாது’ என்றீர்கள். நான் புகார் சொன்னது பிரிப்பதற்கு மூன்று வாரம் முன்னால். முதல் கடிதத்தின் தேதியை நீங்களே பாருங்கள்.

நான் கேட்பது: அடாப்டரின் விலை 1,150 ரூபாயைச் சென்னையில் இருக்கும் என் தங்கை மகனிடம் கொடுத்துவிடுங்கள், ரசீது அவனிடம்தான் இருக்கிறது. பேட்டரிக்கும் டாக்ஸிக்கும் நான் கேட்கவில்லை. ஆனால் பெட்டியில் இருக்கும் அந்த வரியை எடுங்கள். இனி விற்பதிலாவது ஒரு சுவிட்ச் வையுங்கள். ஒரு டீ விலைகூட ஆகாது. 30 நாளுக்குள் பதில் வராவிட்டால் அவன் சென்னை நுகர்வோர் ஆணையத்துக்குப் போவான்.

மீட்டர் படங்கள் மூன்றும் முதல் கடிதத்தின் நகலும் இணைத்துள்ளேன். அடாப்டரைத் திருப்பி அனுப்பச் சொல்லாதீர்கள். இப்போதுதான் அது உருப்படியாக வேலை செய்கிறது.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
ரங்கூன்.