எடின்பரோவின் அறிவியல் திருவிழா

எடின்பரோ

அன்புத் தம்பிக்கு,

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாளுக்குப் பள்ளியில் என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். இங்கே ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி அறிவியல் திருவிழா நடக்கும். 1989இல் தொடங்கியது. தள்ளுவண்டிக் குழந்தையிலிருந்து கைத்தடி ஊன்றிய தாத்தா வரை எல்லாரும் வருவார்கள். நம் கண்காட்சிகளில் பிள்ளைகள் தெர்மாகோல் மாதிரிக்குப் பக்கத்தில் நின்று ஒப்பிப்பார்கள், வந்தவர்கள் கேட்டுவிட்டு நகர்வார்கள். இங்கே வருகிறவர் கைதான் வேலை செய்யும். அதைத்தான் நீ எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்படிப்பட்ட விழாக்களில் சலிக்காமல் நடப்பது, பழத்தின் செல்களிலிருந்து டிஎன்ஏ என்ற மரபுப் பொருளை எடுப்பது. 100 மி.லி. தண்ணீரில் இரண்டு தேக்கரண்டி பாத்திரம் துலக்கும் திரவம், அரைத் தேக்கரண்டி உப்பு. நுரை வராமல் மெதுவாகக் கலக்கு. நுரைத்தால் கடைசியில் எதுவும் கண்ணுக்குத் தெரியாது. இது மூன்று பேருக்குக் காணும். ஆளுக்கு ஒரு கனிந்த ஸ்ட்ராபெரியை ஜிப் கவரில் போட்டுக் காற்றை வெளியேற்றி, இரண்டு நிமிடம் பிசையச் சொல். நாலு வயதுக் குழந்தைக்கும் இது முடியும். பிறகு கரைசலில் இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி இன்னும் ஒரு நிமிடம் மெதுவாகப் பிசையட்டும். சோப்பு செல்லின் கொழுப்புச் சவ்வை உடைக்கும். உப்பு டிஎன்ஏ இழைகள் ஒன்றையொன்று விலக்காமல் சேர உதவும்.

வடிகட்டக் காகிதம் வேண்டாம், அடைத்துக்கொள்ளும், வரிசை நின்றுவிடும். பழைய வேட்டித் துணியை இரண்டாக மடித்துக்கொள். வடிந்த சாற்றின் அளவுக்கே ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் (கிருமி நீக்கப் பயன்படுத்துவது), 90 சதவீதத்துக்கு மேல் உள்ளது, டம்ளரைச் சாய்த்து ஓரமாக வழியவிடு. அது மேலே தனி அடுக்காக நிற்க வேண்டும். இரண்டும் சேரும் இடத்தில் வெள்ளை இழைகள் கிளம்பும். ஈர்க்குச்சியில் சுற்றி எடுக்கலாம்.

பெரும்பாலும் கெடுவது இந்தக் கட்டத்தில்தான். ஆல்கஹால் சில்லென்று இல்லாவிட்டால் இழை குறையும், வேகமாக ஊற்றினால் அடுக்கு கலைந்துவிடும். பாட்டிலை ஐஸ் வாளியில் வைத்துக்கொள். பக்கத்தில் அடுப்பு, விளக்கு எதுவும் கூடாது. ஊற்றுவது பெரியவர் கையால் நடக்கட்டும். யாரும் ருசி பார்க்க விடாதே. பழ ஒவ்வாமை உண்டா என்றும் முதலிலேயே கேள்.

டிஎன்ஏ சுருண்டிருக்கும் பொதிகள்தான் குரோமோசோம்கள். ஸ்ட்ராபெரியின் செல்லில் அவை எட்டுத் தொகுதி, நமக்கு இரண்டுதான். அதனால்தான் டிஎன்ஏவை அள்ளித் தருகிறது. விலை கட்டாவிட்டால் கனிந்த வாழைப்பழம் போதும், சாறு கெட்டியாக இருந்தால் கரைசலைக் கொஞ்சம் கூட்டு. தெரிவது ஒற்றை இழையல்ல, எண்ணற்ற செல்களின் டிஎன்ஏ திரண்டது, கொஞ்சம் புரதமும் பெக்டின் என்ற பழப் பசையும் ஒட்டியிருக்கும் என்று மறக்காமல் சொல். பிள்ளைகளிடம் அறிவியலைக் கூட்டிச் சொல்லக் கூடாது.

மேசை ஒன்று தாழ்வாக இருக்கட்டும். நாலு பேருக்கு மேல் ஒரே நேரத்தில் உட்காரவைக்காதே. துடைக்கத் துணி நிறைய வை.

அம்மா, அப்பாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
அக்கா