ஜீப்பில் எனக்கு இடம் விட்டவர்களுக்கு

கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்கு என்னோடு வருகிற ஜீப்புக்காரிகளுக்கும், கோட்டயத்து நர்ஸ் சேச்சிக்கும், எங்கள் தெரு டைலர் அக்காவுக்கும் இந்த மடல்.

புற்றுநோய்க்காக என் வலது மார்பை எடுத்து இரண்டு வருஷம் முடிகிறது. உயிரைக் காப்பாற்றிய டாக்டர்களை அன்றைக்கே கையெடுத்துக் கும்பிட்டுவிட்டேன். அதற்கப்புறம் என்னை வாழவைத்த உங்களிடம்தான் இன்னும் சொல்லவில்லை.

சேச்சி, மார்போடு அக்குளில் நெறிகட்டுகிற முடிச்சுகளையும் எடுத்ததால் கையில் நீர் தேங்கி வீங்கலாம் என்று உங்கள் மலையாளமும் என் தமிழுமாகப் புரியவைத்தது நீங்கள்தான். இந்தக் கையில் ஊசி வேண்டாம், பிரஷர் பார்க்க விடாதே, கீறல் பட்டுச் சிவந்தால் அன்றே காட்டு என்றீர்கள். சுவரில் விரல்களை எறும்பு மாதிரி ஏற்றச் சொல்லி, எட்டின இடத்தில் கோடு போட்டீர்கள். நான் அதையே அடுப்படிச் சுவரில் கரிக்கட்டையால் போட்டேன். முதல் கோடு என் நெஞ்சு உயரம். மூன்றாம் மாதக் கோடு மஞ்சள் டப்பா வைக்கிற பலகைக்கும் மேலே. அன்றைக்குத்தான் என் தலையை நானே பின்னினேன். அதுவரை பின்னிவிட்டவள் எட்டாவது படிக்கிற என் மகள்.

டைலர் அக்கா, சேலையை இழுத்து இழுத்து மூடிக்கொண்டு நான் கோயிலுக்குக்கூடப் போகாமல் கிடந்தேன். "பிழைத்ததே பெரிசு, இதுக்கா கவலை" என்று சொந்தத்திலேயே சொன்னார்கள். நீங்கள் ஒன்றும் சொல்லாமல் கதவைச் சாத்திவிட்டு அளவெடுத்தீர்கள். உள்பாடியில் பை தைத்துப் பஞ்சு வைத்தீர்கள். அது மேலே ஏறிக்கொண்டே இருந்தது. பிரித்து, பஞ்சுக்கு நடுவில் ஒரு பிடி கம்புத் தானியத்தை முடிந்து மறுபடி தைத்தீர்கள். இரண்டு பக்கமும் கனம் ஒத்துவந்ததும் தோள் சரிந்து நிற்பது குறைந்தது, முதுகுவலியும் விட்டது. கூலி வாங்க மறுத்துவிட்டீர்கள்.

ஏலக்காய் செடியின் அடியில், தரையை ஒட்டிக் காய்க்கும். நாள் முழுக்கக் குனிந்து, கையைத் தொங்கவிட்டே எடுக்க வேண்டும். மழையில் அட்டைக்கடி வேறு. கங்காணி அண்ணன் கேட்காமலே என்னை ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற வேலைக்கு மாற்றினார். மூட்டை பக்கம் போக விடவில்லை.

மதினி, வளைவுக்கு வளைவு என் வலது பக்கம் இடிபடாமல் குறுக்கே கை வைத்துக்கொண்டு வருகிறீர்களே, உங்கள் கை வலிக்காதா? தினமும் போடுகிற மாத்திரையால் எனக்குத் திடீரென்று உடம்பு கொதித்து வேர்த்துக்கொட்டும். அந்தக் குளிரிலும் ஒருத்தரும் முகம் சுளிக்காமல் ஜீப் படுதாவைத் தூக்கிவிடுவீர்கள்.

என் வீட்டுக்காரருக்கு இதில் எழுதவில்லை. நேரில் சொல்லிவிட்டேன்.

சேச்சி, வீக்கம் தெரிய வலது கையில் தளர்வாக ஒரு கவரிங் வளையல் போட்டுக்கொள்ளச் சொன்னீர்களே, அது இன்றும் லேசாக ஏறி இறங்குகிறது. அடுத்த மாதம் பரிசோதனைக்கு அதைப் போட்டுக்கொண்டே வருகிறேன்.