பெட்டிக்குள் பேய் தேடும் திரைப்படக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தயாரிப்பாளர்களே, இயக்குநர்களே,

மறுபடியும் ஒரு முன்னோட்டம் வந்திருக்கிறது. மறுபடியும் ஒரு மரப்பெட்டி, மேலே எபிரேய எழுத்துகள், அதைத் திறக்கும் இளம் மனைவி, கடைசியில் தாடியோடு ஒரு ரபி, அதாவது யூத மதகுரு. 'பழைமையான யூத மரபின்படி' என்று கரகரத்த குரல் வேறு.

அந்தப் பழைமையின் வயது உங்களுக்குத் தெரியாததல்ல. 2003இல் இபே என்னும் இணைய விற்பனைத் தளத்தில் ஓர் அமெரிக்கர் பழைய மது அலமாரி ஒன்றை விற்பனைக்கு வைத்து, அதில் திப்புக் என்னும் ஆவி குடியிருப்பதாக விளம்பரத்தில் எழுதினார். 2012இல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. 2017இல் மலையாளத்தின் 'எஸ்ரா' பெட்டியைக் கொச்சிக்குக் கொண்டுவந்தது. 2021இல் அந்த அமெரிக்கர் எல்லாம் தன் கற்பனையே என்று ஒப்புக்கொண்டார். அதே ஆண்டில்தான் 'எஸ்ரா'வின் இந்தி மறுஆக்கம், 'திப்புக்' என்ற பெயரிலேயே வெளிவந்தது.

ஆகவே என் கோரிக்கை இதுதான்: 'யூத மரபு' என்று சொல்வதற்கு முன், அதை அறிந்த ஒருவரிடம் திரைக்கதையைக் காட்டுங்கள்.

காட்டியிருந்தால் இன்னும் நல்ல கதை கிடைத்திருக்கும். திப்புக் என்பது பெட்டியில் அடைபடும் பூதம் அல்ல. நிம்மதி கிடைக்காமல் உயிருள்ள ஒருவரின் உடலைப் பற்றிக்கொள்ளும் இறந்தவரின் ஆன்மா. யூத எழுத்தாளர் அன்-ஸ்கி எழுதி 1920இல் போலந்தின் வார்சாவில் அரங்கேறிய நாடகத்தில், மணப்பெண்ணின் உடலில் புகுவது அவளுக்காகவே உயிரைவிட்ட காதலன். வெளியேறு என்று ரபி ஆணையிட்டும் ஆவி போகவில்லை. அதை முழுமையாக விரட்டுவதற்கு முன், வாக்குத் தவறிய மணப்பெண்ணின் தந்தைமீது, இறந்துபோன அவருடைய நண்பர் தொடுக்கும் வழக்கை விசாரிக்கிறார். இறந்தவர் தரப்பையும் கேட்கும் நீதிமன்றம்! இதைவிடத் திகில் வேண்டுமா?

கொச்சியே வேண்டுமென்றால் மட்டாஞ்சேரியில் நெஹேமியா மோட்டாவின் கல்லறை இருக்கிறது. கபாலா என்னும் யூத மறைஞானம் அறிந்த கவிஞர். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்தவர். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பாராமல் அக்கம்பக்கத்தார் அங்கே மெழுகுவத்தி ஏற்றி வேண்டிக்கொள்கிறார்கள். ஊரே அஞ்சாமல் போய்க் கும்பிடும் ஒரு யூதரின் கல்லறை உங்கள் கேமராவுக்குத் தெரியவில்லை. யூதப் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நோட்டுகளில் எழுதிவைத்துப் பாடிய மலையாளப் பாடல்களும் உங்கள் காதில் விழவில்லை. அந்த மக்களில் பெரும்பாலோர் 1950களில் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். மட்டாஞ்சேரியில் இன்று விரல்விட்டு எண்ணுமளவுக்குக்கூட ஆளில்லை. மறுத்துப் பேச ஆளில்லாத தெரு படப்பிடிப்புக்கு வசதிதான்.

இது யூதர்களோடு நிற்பதுமில்லை. பாழடைந்த பங்களா என்றால் வெள்ளைக்காரப் பெண்மணி, மலையடிவாரம் என்றால் பழங்குடி மந்திரவாதி. ஊரில் எந்தச் சமூகத்தின் தலைக்கட்டு குறைகிறதோ, அதற்குப் பேய் வேடம் உறுதி. பெரும்பான்மைச் சமூகத்து ஆவிகள் மட்டும் எப்படியோ இடைவேளைக்குப் பின் நல்லவையாகி, வில்லனைக் கொன்றுவிட்டுக் கண்ணீரோடு விடைபெறுகின்றன.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னியுங்கள். திகில் படமே எடுக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விரும்பிப் பார்ப்பவன் நான். முழுக்கக் கற்பனை என்றால் கற்பனை என்றே போடுங்கள். மரபு என்று போடுவதானால், அறிந்தவரிடம் திரைக்கதையைக் காட்டுங்கள். இஸ்ரேலில் கொச்சி யூதர்கள் குடியேறிய நெவாதிம் என்ற ஊர் இருக்கிறது, தொலைபேசியும் இருக்கிறது. பெட்டி செய்யும் தச்சருக்குக் கொடுக்கும் கூலியைவிட அதற்கு அதிகம் செலவாகாது. அடுத்த படத்துக்காவது தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
டிக்கெட் வாங்கிப் பார்க்கும் ரசிகன்